சங்கிலியை எடுத்துவைத்த விதம்

டிராக்டர் சக்கரத்தில் மாட்டுகிற பனிச் சங்கிலியைச் சாக்கில் கட்டி வைக்கக் கூடாது, ஐயா. எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். பனி கரைந்ததும் சக்கரத்திலிருந்து கழற்றி, சேறும் சாணமுமாக அப்படியே சாக்கில் திணித்துத் தொழுவத்தின் மூலையில் போட்டுவிடுவார்கள். அடுத்த குளிர்காலத்தில் அவிழ்த்துப் பார்த்தால் கண்ணிகள் ஒன்றோடொன்று துருவேறிப் பிடித்துக்கொண்டிருக்கும். நான் மே மாதத்தில் நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் கழுவுவேன். காயவைத்து, தேய்ந்துபோன கண்ணிகளை மாற்றி, இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் தூரிகையால் பூசி, உத்தரத்தில் தொங்கவிடுவேன். கொக்கிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். விரல் விறைக்கும் குளிரில் மாட்டும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் சங்கிலியை நாசம் செய்துவிட்டதாக ஜுல்ஃபிகார் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை. இன்றைக்கு எடுத்து மாட்டினாலும் அந்தச் சங்கிலி ஓடும். நான் அதை இடம் மாற்றி வைத்தேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊரை நீங்கள் கோடையில் பார்த்திருப்பீர்கள். ஆர்தஹான் டவுனிலிருந்து வருகிற எல்லாரும் கோடையில்தான் வருகிறார்கள். தேனும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு, என்ன காற்று, என்ன காற்று என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நவம்பர் முடிவதற்குள் முக்கால்வாசி வீடுகள் ஜன்னலில் பலகை அடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். ஐந்தாறு கூரைகளில்தான் புகை வரும். ஊர் ஒரு கிண்ணத்துக்குள் கிடக்கிறது. வெளியே போக வேண்டுமானால் முதலில் மேட்டில் ஏற வேண்டும், பிறகு ஆற்றங்கரை மில் முக்கு வரை இறங்க வேண்டும். பனி தள்ளும் அரசாங்க வண்டி அந்த முக்கோடு திரும்பிவிடும். அதற்கு மேல் குளிர்காலம் முழுக்க என் டிராக்டர்தான் வழி. சங்கிலி இல்லாவிட்டால் அதுவும் இல்லை. மேட்டில் பாதி ஏறியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

என் மனைவி சுரேய்யா மனிசாக்காரி. திராட்சை விளைகிற ஊர். பனி என்றால் அவளுக்குக் குளிர்பானத்தில் போடுகிற கட்டிதான் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் குறைந்துகொண்டே போய்ப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அப்போதே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. மகள் எல்மாஸ் பிறந்திருந்தாள். வேலையை விட்டுவிட்டு எங்கள் மாடுகளையும் வாத்துகளையும் பார்த்துக்கொண்டாள். நான் அவள் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஒரு கதவையும் பூட்டியதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எல்மாஸுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு வந்தபோதுதான் பேச்சு ஆரம்பித்தது. போன ஜூன் மாதம், குளிர்காலத் தீவனத்துக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தோம். நிழலில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது சொன்னாள். டவுன் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை பாதி வருஷத்தில் ஓய்வு பெறுகிறாராம். அந்த இடத்தை இவளுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

"ரெண்டாம் பருவம் தொடங்குற அன்னிக்கே போய் நிக்கணும். எல்மாஸையும் அங்கேயே சேத்துடறேன். நீங்க வாராவாரம் வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள்.

பிப்ரவரியிலா, அந்தப் பனியிலா என்று கேட்டேன்.

"டிராக்டர் எதுக்கு இருக்கு? அந்தச் சங்கிலிய பெத்த புள்ளையாட்டம் வச்சிருக்கீங்க. அதுக்கும் ஒரு வேலை வேணாமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். மறுப்பாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

முதலில் அவள் பனி விழுவதற்கு முன்பே, நவம்பரிலேயே, இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். நான்தான் இருக்கச் சொன்னேன். முதல் உறைபனி விழுந்ததும் வாத்து அறுத்து உப்புப் போட்டுக் காயவைக்கிற வேலை இருக்கிறது, இரண்டு மாடுகள் ஈனும், ஒண்டியாக என்னால் முடியாது, பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் நானே கூட்டிக்கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். சரி என்றாள். என் வார்த்தையை நம்புகிறவள் அவள். அதை நான் எப்போதும் மதித்திருக்கிறேன்.

அந்த வாரமே சங்கிலியை இடம் மாற்றினேன். அவளும் எல்மாஸும் மேய்ச்சல் மேட்டுக்குப் பூப்பறிக்கப் போயிருந்தார்கள். ஆளுக்கு ஒரு முனை பிடித்தால்தான் தூக்க முடிகிற கனம் அது. ஆனால் டிராக்டரின் முன்னால் இருக்கிற சாணம் அள்ளும் கரண்டியைத் தாழ்த்தி அதில் இறக்கிக்கொண்டால் ஒரே ஆள் போதும். மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தில் நிலக்கரி போட்டுவைக்கும் அறை ஒன்று உண்டு. கரி தீர்ந்து காலியாகக் கிடந்தது, ஈரமும் இல்லை. அங்கே உத்தரத்தில் வழக்கம்போல ஒழுங்காகத் தொங்கவிட்டுப் பூட்டினேன். சாவி எங்கள் வீட்டில்தான் இருந்தது, கடைசி ஆசிரியை அவள்தானே. அன்றிலிருந்து அதை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

என் கணக்கு ரொம்ப எளிமையானது. முதல் நாள் போய் நிற்காவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். அந்த வருஷம் தாண்டிவிட்டால் பேச்சும் அடங்கிவிடும். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. மனைவியையும் மகளையும் தன்னோடு வைத்துக்கொள்ள நினைப்பதைக் குற்றம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? டவுனுக்குப் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் கோடைக்கு வருவார்கள். அடுத்த வருஷம் ஒரு வாரம். பிறகு பலகை அடித்த ஜன்னல் அப்படியே இருக்கும். குளிர்காலத்தில் அந்த வீடுகளைத் தாண்டி நடக்கும்போது நம் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

டிசம்பரில் முதல் பெரும்பனி விழுந்தது. சங்கிலி மாட்ட ஜுல்ஃபிகார் வந்தார். அவர் எனக்குப் பெரியப்பா மகன். அண்ணன் முறை. தொழுவத்தில் உத்தரம் காலியாக இருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். நானும் அண்ணாந்து பார்த்தேன்.

நஸ்ருல்லாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் பெயரை எடுத்தது ஜுல்ஃபிகார்தான். நஸ்ருல்லா ஆப்கான் பையன், எங்கள் இரண்டு வீட்டு ஆடுகளையும் மேய்த்தவன். தொழுவத்தை ஒட்டின அறையில் படுத்திருந்தான்.

"வேற யாரு எடுத்திருப்பா? பழைய இரும்புக்காரன் வண்டி வந்தப்ப இவன்தானே அவன்கூட உக்காந்து டீ குடிச்சான்" என்றார் ஜுல்ஃபிகார்.

சுரேய்யா குறுக்கே வந்தாள். "அண்ணே, அந்தக் கனத்த ஒத்த ஆள் எப்படித் தூக்குவான்? யோசிச்சுப் பேசுங்க. அவன் மேல பழியப் போடாதீங்க."

ஆடு மேய்க்கக் கொண்டுபோகிற கழுதை இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். நானாகவும் இருக்கலாம். ஜுல்ஃபிகாரும் இன்னும் இரண்டு பேரும் அவனை அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்துத்தான் பேசினான். "அண்ணே, நீங்க சொல்லுங்க. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியும்ல."

"எனக்கு என்னப்பா தெரியும்" என்றேன்.

அன்றைக்கே அவனை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். மேடு தாண்டி நடந்தே போக வேண்டும். வழிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொடுத்தேன். என் கம்பளிக் காலுறை ஒரு ஜோடியும் கொடுத்தேன். வேறு யாரும் அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. பனியில் விறைத்துக் கருகி, ஒரு காலில் விரல்களை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

வேறு சங்கிலிக்குச் சொல்லியாயிற்றா என்று ஜுல்ஃபிகார் கேட்டுக்கொண்டே இருந்தார். எர்ஸுரூம் நகரத்திலிருந்து வரவேண்டும், நம் சக்கரத்தின் அளவு கிடைப்பதில்லை, சொல்லிவைத்திருக்கிறேன் என்றேன். நான் யாருக்கும் போன் செய்யவில்லை. சுரேய்யா பெட்டியைக் கட்டி வாசல் பக்கம் வைத்திருந்தாள். எல்மாஸ் தன் புதுப் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்ப்பாள். சங்கிலி வராவிட்டால் என்ன, ஒரு தெளிந்த நாள் கிடைத்தால் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே முக்குக்குப் போய்விடுவேன் என்றாள் சுரேய்யா. அவள் போயிருப்பாள். தெளிந்த நாள்தான் வரவில்லை.

ஜனவரி கடைசியில் ஒரு காலையில் எல்மாஸ் வயிறு வலிக்கிறது என்றாள். புதினா போட்டு டீ கொடுத்தோம். வாந்தி எடுத்தாள். வலி தொப்புளிலிருந்து வலது பக்கம் இறங்கியது. காலை நீட்டப் பயந்தாள். சுரேய்யா அவசர எண்ணுக்குப் போன் செய்தாள். புயலில் ஹெலிகாப்டர் ஏறாது, பனி வண்டி ஆம்புலன்ஸைக் கூட்டிக்கொண்டு மில் முக்கு வரை வந்துவிடும், அதற்கு மேல் முடியாது, பிள்ளையை டிராக்டரில் அங்கே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். சங்கிலி இல்லை என்று அவள் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது புரியவில்லை போலிருக்கிறது, திரும்பத் திரும்பச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னாள். "அது ஊரைவிட்டுப் போயிருக்காது. அவ்வளவு கனம். இங்கதான் எங்கேயோ கிடக்கு. தேடுங்க."

ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். ஜுல்ஃபிகார் தொழுவங்களைப் பார்க்கப் போனார். மற்றவர்கள் பலகை அடித்த வீடுகளை உடைத்துத் திறந்தார்கள். பள்ளிக்கூடப் பக்கம் நான் பார்க்கிறேன் என்று நான் சொன்னேன்.

இதை நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். முழுசாகச் சொல்வதாகத்தான் உங்களிடம் உட்கார்ந்திருக்கிறேன். நான் மண்வெட்டியால் கதவுக்கு முன்னால் இருந்த பனியை அள்ளிப் போட்டுவிட்டு, பூட்டைத் திறந்து உள்ளே போனேன். சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஆயில் அப்படியே இருந்தது, துரு ஒரு புள்ளி இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே போய்க் கிடைத்துவிட்டது என்று சொன்னால் போதும். ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யோசித்தேன். பூட்டின அறைக்குள் ஆயில் பூசி, கொக்கிகளை ஒரே பக்கம் திருப்பித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால் யார் கை என்று கேட்கவே வேண்டியதில்லை. ஜுல்ஃபிகாருக்கு முகம் கொடுக்க வேண்டும். நஸ்ருல்லாவின் விஷயம் வரும். சுரேய்யா பிள்ளையோடு இறங்குவாள். இனி ஏற மாட்டாள். எந்தப் பக்கம் யோசித்தாலும் எனக்கு வழி அடைத்திருந்தது. அந்த அறையில் நான்தான் மாட்டிக்கொண்டு நின்றேன், ஐயா, அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அதுவும் அந்த நேரத்தில் அது வெறும் வயிற்றுவலிதானே. பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கும். போய்விடும்.

பூட்டிவிட்டு வந்தேன். இல்லை என்று சொன்னேன். கண் தெரியாத அந்தப் புயலில் பிள்ளையை நடந்து தூக்கிப்போகவும் முடியாது என்றார்கள்.

எல்மாஸ் அடுப்புப் பக்கத்துப் படுக்கையில் சுருண்டு கிடந்தாள். என் தலையில் இருந்த பனியைப் பார்த்துவிட்டு, "அப்பா, சங்கிலி கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"தேடிட்டு இருக்கோம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் வலி நின்றுவிட்டது. சட்டென்று நின்றது. முகம் தெளிந்து ஒரு வாய் கஞ்சிகூடக் குடித்தாள். நான் சுரேய்யாவைப் பார்த்தேன். சொன்னேன் இல்லையா என்று கேட்கவில்லை, மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். என் முடிவு சரி என்று எனக்கு அப்போது தோன்றியது. உள்ளே ஏதோ வெடித்தால்தான் அப்படி வலி நிற்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அது எனக்கு எப்படித் தெரியும்? மதியத்துக்குள் காய்ச்சல் ஏறியது. வயிறு பலகை மாதிரி ஆனது. என்னை அடையாளம் தெரியாமல் பேசினாள்.

அப்போதுகூட நேரம் இருந்தது என்று ஜுல்ஃபிகார் உங்களிடம் சொல்லியிருக்கலாம். இருந்திருக்கும். ஆனால் முதல் நாள் இல்லை என்று சொன்ன இடத்திலிருந்து மறுநாள் எப்படி எடுத்துக்கொண்டு வருவது? ஒரு நாள் முழுக்கப் பிள்ளை துடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஆகிவிடுவேன். நேற்று சொல்லியிருந்தால் கணவன் செய்த முட்டாள்தனம். இன்றைக்குச் சொன்னால் அதற்கு வேறு பெயர். அதனால், புயல் கொஞ்சம் தணிந்ததும், பனியில் வைக்கோல் இழுக்கிற சறுக்குப் பலகையில் அவளைப் போர்வையால் சுற்றிப் படுக்கவைத்துக் கயிறு கட்டி இழுத்தோம். இடுப்பளவு பனி. முதல் கயிற்றை நான்தான் பிடித்தேன். யாரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை. உள்ளங்கை கிழிந்து கயிறு சிவந்துபோனதை எல்லாரும் பார்த்தார்கள். பக்தியார் மாதிரி ஒரு தகப்பன் உண்டா என்று அன்றைக்குச் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

மேட்டின் உச்சிக்குப் போனபோது கீழே முக்கில் எங்களுக்காகக் காத்திருந்த ஆம்புலன்ஸின் விளக்கு சுற்றுவது தெரிந்தது. பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்த சுரேய்யா, "நிறுத்துங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நாங்கள் நின்றோம். அப்புறம் இறங்குவதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது.

மண் கல்லாக உறைந்திருந்தது. கல்லறையில் அந்த இடத்தில் வரட்டிகளை அடுக்கித் தீ மூட்டி, மண் இளகின பிறகுதான் தோண்ட முடிந்தது. பிப்ரவரியில் பருவம் தொடங்கியது. அந்த வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார். சுரேய்யா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பெட்டியை அவளேதான் பிரித்து வைத்தாள். பகலெல்லாம் கல்லறைக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். அந்த மூன்று மாதங்களைப் பற்றி நான் ஒன்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். டவுன் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

மே மாதம் வெயில் வந்தது. சங்கிலியை வெளியே எடுத்து மறுபடி ஆயில் பூசவேண்டிய நேரம். ஓடாத சங்கிலிக்கு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். ஓடாமல் கிடந்தால்தான் துரு சீக்கிரம் பிடிக்கும். அவள் கல்லறைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் பள்ளிக்கூட முற்றத்தில் விரித்துப் போட்டு, கண்ணி கண்ணியாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலையில் மூழ்கிவிட்டேன். நிமிர்ந்தபோது அவள் வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கையில் எல்மாஸுக்கு வைக்கப் பறித்த பூ இருந்தது.

"இது எங்க இருந்துச்சு?" என்றாள்.

"இங்கதான். கரி அறையில."

"சாவி?"

சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன்.

"அன்னிக்கு நீ இங்க வந்து பாத்தியே. அன்னிக்கும் இது இங்கதான் இருந்துச்சா?"

"ஆமா" என்றேன். பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். என்னை அவள் நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. அவள் அழவில்லை. திரும்பி மேட்டுப் பக்கம் நடந்தாள். மில் முக்கு தாண்டி ஜென்டார்மா போலீஸ் நிலையம் வரை நடந்தே போயிருக்கிறாள். அவர்கள் வருவதற்குள் நான் பாக்கிக் கண்ணிகளையும் துடைத்து முடித்து, சங்கிலியை மறுபடி தொங்கவிட்டிருந்தேன்.

இதுதான் நடந்தது. நஸ்ருல்லா எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். எல்மாஸ் கிடந்த அன்றைக்குச் சங்கிலி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கையால் தொட்டுவிட்டு வந்துதான் இல்லை என்றேன். நீங்கள் இதற்கு என்ன பெயர் போடுகிறீர்களோ அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். சுரேய்யாவுக்கு எங்கள் ஊரே பிடிக்கவில்லை, நான்தான் அவளைப் பிடித்து வைத்தேன் என்று எல்லாரும் சொல்வார்கள். இப்போது பாதை திறந்துவிட்டது. தினமும் காலையில் மினிபஸ் வந்து நிற்கிறது. மனிசாவிலிருந்து அவள் அண்ணன் வந்து கூப்பிட்டானாம், போகவில்லை. கல்லறைச் சுவரை ஒட்டி ஜுல்ஃபிகாருக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது, அதைத் துப்புரவு செய்து குடியேறிவிட்டாளாம். வரும் குளிர்காலத்துக்கு இப்போதே வரட்டி அடுக்குகிறாளாம். யாரும் அவளைக் கட்டி வைக்கவில்லையே, ஐயா. நான் உங்களிடம் இருக்கிறேன். அவளாகத்தான் இருக்கிறாள். நான் வெளியே வர எத்தனை வருஷம் ஆனாலும் அவள் அங்கேதான் இருப்பாள். அவளுக்கு எங்கள் ஊர் பிடித்துப்போய்விட்டது.